லாங் ரைடில் சூடாவது வண்டியா, நீங்களா? அறிகுறி வாரியாகப் பார்த்துச் சரிசெய்யும் முறை

மே 4-ஆம் தேதி கத்திரி தொடங்கிவிட்டால் என்னிடம் வரும் கேள்விகளில் பாதி ஒரே கேள்விதான்: "அண்ணா, லாங் போனா பைக் ரொம்ப சூடாகுது, என்ன பண்ணலாம்?" இதற்கு மொட்டையாகப் பதில் சொல்ல முடியாது. எப்போது சூடாகிறது என்று சொன்னால்தான் எதனால் என்று பிடிக்க முடியும். ஓடும்போதா, ஊர்ந்து போகும்போதா, மலை ஏறும்போதா, நிறுத்திய பிறகா? அதோடு இன்னொன்றும் கேட்பேன், உங்கள் உடம்பு எப்படி இருக்கிறது என்று. வண்டியில் ஒரு லைட் எரிந்தால் உடனே ஓரங்கட்டிவிடுகிறோம். நமக்குத் தலை வலித்து, வாய் உலர்ந்து, கை மரத்துப் போனால் மட்டும் "இன்னும் நாற்பது கிலோமீட்டர்தானே, மதுரை போய்ப் பார்த்துக்கலாம்" என்று முறுக்கிக்கொண்டே போகிறோம். நான் கூடப் போன பயணங்களில் முதலில் படுத்தது பெரும்பாலும் ஓட்டியவர்தான். அதனால் இரண்டையும் சேர்த்தே எழுதுகிறேன். உங்கள் அறிகுறி எதுவோ அங்கே நேராகப் போய்ப் படிக்கலாம்.

நிறுத்தியதும் "டிக் டிக்" என்று சத்தம், காலடியில் அனல், ஃபேன் தானாக ஓடுகிறது

இது கோளாறே இல்லை. எரியும் பெட்ரோலில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்குதான் சக்கரத்தைச் சுற்றப் போகிறது, மீதி பெரும்பாலும் சூடாகத்தான் வெளியேற வேண்டும். ஓடும்போது காற்று அதை அள்ளிக்கொண்டு போகிறது, நின்றதும் அது உங்கள் காலடியில் தேங்குகிறது. டிக் டிக் என்பது சைலன்சர் பைப்பும் இன்ஜினும் ஆறும்போது உலோகம் சுருங்கும் சத்தம். கூலன்ட் (இன்ஜினை ஆற்றும் திரவம்) உள்ள சில வண்டிகளில் சாவியை அணைத்த பிறகும் ஃபேன் கொஞ்ச நேரம் ஓடும், அதுவே நின்றுவிடும். பத்து நிமிடம் தாண்டியும் நிற்கவில்லை என்றால் ரிலேயோ சென்சரோ போயிருக்கலாம், விட்டுவிட்டால் காலையில் பேட்டரி இறங்கியிருக்கும்.

ஒரே ஒரு விஷயம், கொதிக்கிற இன்ஜின் மேல் பாட்டில் தண்ணீரை ஊற்றாதீர்கள். டோல்கேட் நிழலில் இப்படிப் பலர் ஊற்றுவதைப் பார்க்கிறேன், ஒவ்வொரு தடவையும் மனசு பதறுகிறது. சூடேறி விரிந்திருக்கும் உலோகம் ஒரு பக்கம் மட்டும் சட்டென்று குளிர்ந்தால் கோணலாகலாம், விரிசலும் விடலாம். அந்தத் தண்ணீரை நீங்கள் குடியுங்கள், இல்லையென்றால் கழுத்தில் ஊற்றிக்கொள்ளுங்கள்.

டிராஃபிக்கில் ஊரும்போது சூடு ஏறுகிறது, ரோடு விட்டதும் இறங்கிவிடுகிறது

பொங்கலுக்கு முந்தைய நாள் சாயங்காலம் பெருங்களத்தூரில் மாட்டியவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். காற்றில் ஆறும் இன்ஜினுக்கு ஓட்டம்தான் ஃபேன், ஓட்டம் இல்லை என்றால் ஆறுவதற்கும் வழி இல்லை. அரை நிமிடத்துக்கு மேல் நிற்கும் என்று தெரிந்தால் அணைத்துவிடுங்கள். கிளட்சைப் பாதி பிடித்து இன்ச் இன்ச்சாக நகர்வதைவிட, முன்னால் பத்தடி இடம் விழும்வரை நின்று ஒரே மூச்சில் நகர்வது நல்லது.

அப்புறம், இன்ஜினுக்கு முன்னால் என்னென்ன மாட்டியிருக்கிறீர்கள் என்று குனிந்து பாருங்கள். லெக் கார்டில் ரெக்சின் சுற்றி, அதில் இரண்டு ஃபாக் லைட், ஒரு பக்கம் தண்ணீர் கேன், இன்னொரு பக்கம் மழைக் கோட்டு மூட்டை என்று கட்டிவிட்டால் ஃபின்னுக்கு, அதாவது இன்ஜினைச் சுற்றி வரிசையாக இருக்கும் தகடுகளுக்கு, காற்று எப்படி வரும்? ஃபின் இடுக்கில் சேறு காய்ந்து அடைந்திருந்தாலும் இதே கதிதான். காலையில் இன்ஜின் ஜில்லென்று இருக்கும்போது பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவினால் போதும்.

கூலன்ட் வண்டி என்றால் முதலில் ஃபேன் ஓடுகிறதா என்று காது கொடுத்துக் கேளுங்கள். பெரும்பாலான வண்டிகளில் கூலன்ட் 100 டிகிரியை ஒட்டி வரும்போது ஃபேன் போட்டுக்கொள்ளும். மீட்டரில் கட்டம் கட்டமாக ஏறிக்கொண்டே போகிறது, ஃபேன் சத்தமே இல்லை என்றால் முதல் சந்தேகம் ஃபியூஸ் மேல்தான், அது பத்து ரூபாய் சமாச்சாரம். அடுத்தது ஃபேனுக்குப் போகும் கனெக்டர், அதற்கும் அடுத்தது மோட்டார். இந்த வரிசையிலேயே பாருங்கள், எடுத்த எடுப்பில் மோட்டாரை மாற்றச் சொல்பவரிடம் ஃபியூஸைப் பார்த்தீர்களா என்று கேளுங்கள்.

ஹைவேயில் நல்ல ஓட்டத்தில் இருக்கும்போதே சூடு ஏறுகிறது, இழுவை குறைகிறது

இதைத்தான் நான் கவலையோடு பார்ப்பேன். முகத்தில் அறையும் அளவுக்குக் காற்று இருந்தும் ஆறவில்லை என்றால் ஏதோ ஒன்று நடக்கிறது.

முதல் சோதனைக்குக் காசு செலவில்லை, வேகத்தை 15 கிலோமீட்டர் குறைத்துப் பத்து நிமிடம் ஓட்டிப் பாருங்கள். 80-இல் காற்றைக் கிழிக்க ஆகும் பவர் 100-இல் ஏறக்குறைய இரண்டு மடங்காகிவிடும், ஏனென்றால் அது வேகத்தின் மும்மடிக் கணக்கில் ஏறுகிறது. 150 சிசி வண்டியில் பின்னால் ஒருவர், இரண்டு பக்கமும் பை, உளுந்தூர்பேட்டையிலிருந்து பெரம்பலூர் வரை ஆக்சிலரேட்டரை முழுக்க முறுக்கியே வந்தால் அந்த இன்ஜின் தன்னால் முடிந்ததை எல்லாம் கொடுத்துக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். வேகம் குறைத்ததும் சத்தம் மாறி, இழுவை திரும்பிவிட்டால் கோளாறு எதுவும் இல்லை, சுமைதான் அதிகம்.

குறையவில்லையா? சரி, ஆயிலைப் பாருங்கள். சமதளத்தில் நிறுத்தி, சில நிமிடம் ஆயில் கீழே இறங்க விட்டு, வண்டியை நேராக நிமிர்த்திப் பாருங்கள். சைடு ஸ்டாண்டில் சாய்ந்திருக்கும்போது கண்ணாடியில் தெரியும் அளவு பொய். சின்ன வண்டிகளில் மொத்தமே ஒரு லிட்டர் சுற்றித்தான் ஆயில் இருக்கும், அதில் 300 மில்லி குறைந்தாலே மூன்றில் ஒரு பங்கு போய்விட்டது. சூட்டைச் சுமந்துகொண்டு போவதும் அதே ஆயில்தான். வண்டிப் புத்தகத்தில் எந்த கிரேடு போட்டிருக்கிறதோ அதையே ஊற்றுங்கள். 15டபிள்யூ-50 கேட்கிற வண்டிக்கு, மைலேஜ் வரும் என்று யாரோ சொன்னார்கள் என்பதற்காக 10டபிள்யூ-30 வேண்டாம். டப்பாவில் ஜாசோ எம்ஏ அல்லது எம்ஏ2 என்று, பைக் ஆயிலுக்கான தரக் குறி, இருக்கிறதா பாருங்கள். கார் ஆயிலை ஊற்றினால் ஆயிலில் ஊறும் கிளட்ச் வழுக்க ஆரம்பிக்கலாம்.

கூலன்ட் வண்டியில் ரிசர்வ் டப்பாவின் மேல் கோட்டுக்கும் கீழ்க் கோட்டுக்கும் நடுவில் அளவு இருக்க வேண்டும். குறைந்திருக்கிறது என்றால் ரேடியேட்டர் மூடியைத் திறக்கத் துடிக்காதீர்கள். உள்ளே அழுத்தத்தில் இருப்பதால் 100 டிகிரி தாண்டியும் கொதிக்காமல் இருக்கும் திரவம், மூடி திறந்த நொடியில் பொங்கி முகத்தில் அடிக்கும். முக்கால் மணி நேரமாவது ஆற விடுங்கள், அப்புறம் தடிமனான துணியைப் போட்டு மெதுவாகத் திருகுங்கள். கூலன்ட் கையில் இல்லை என்றால் அவசரத்துக்குச் சுத்தமான தண்ணீர் போதும், ஊர் போனதும் சரியாக மாற்றிவிடலாம். அளவு சரியாக இருந்தும் சூடு ஏறுகிறது, இன்ஜினிலிருந்து வரும் ஹோஸ் தொட முடியாத சூடு, ரேடியேட்டரோ வெதுவெதுப்பு என்றால் கூலன்ட் சுற்றவில்லை. கூலன்ட் போகும் வழியைத் திறந்து மூடும் தெர்மோஸ்டாட் மாட்டிக்கொண்டிருக்கும், அல்லது பம்ப் போயிருக்கும். எங்கேயும் ஒழுகாமலேயே கூலன்ட் குறைகிறது, சைலன்சரில் வெள்ளைப் புகை நிற்காமல் வருகிறது என்றால் இன்ஜின் ஹெட்டுக்கு அடியில் கசியாமல் அடைத்திருக்கும் ஹெட் கேஸ்கட் போயிருக்கிறது. அதற்கு மேல் ஓட்டாதீர்கள், டாடா ஏஸ் பிடித்து ஏற்றுங்கள். அந்த வாடகை ஹெட் வேலையைவிடக் கண்டிப்பாகக் குறைவுதான்.

பலர் பார்க்கத் தவறும் இடம் பிரேக். சென்டர் ஸ்டாண்டு போட்டு, நியூட்ரலில் வைத்துப் பின் சக்கரத்தைக் கையால் சுற்றினால் இரண்டு மூன்று சுற்றாவது போக வேண்டும். அரைச் சுற்றில் நின்றால் பிரேக் பிடித்துக்கொண்டே வந்திருக்கிறது, அதோடு மல்லுக்கட்டித்தான் இன்ஜின் சூடாகியிருக்கிறது. டிஸ்க்கைத் தொட்டுப் பார்க்காதீர்கள், விரலில் ஒரு சொட்டுத் தண்ணீர் எடுத்துத் தெறியுங்கள், "சொய்ங்" என்றால் விடை கிடைத்துவிட்டது. டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கும் காலிப்பரின் பின் துருப்பிடித்திருக்கலாம், அல்லது உங்கள் வலது கால் பெடல் மேலேயே ஓய்வெடுக்கிற பழக்கமாக இருக்கலாம். செயினை விறைப்பாக இழுத்துக் கட்டியிருந்தாலும் சக்கரம் இப்படித்தான் கனக்கும்.

கடைசியாக பிளக். கழற்றிப் பார்த்தால் பீங்கான் முனை சாக்பீஸ் மாதிரி வெளுத்திருந்தால் பெட்ரோல் குறைவாகவும் காற்று அதிகமாகவும் போகிறது. இன்டேக் ரப்பரில் வெடிப்பு, கிளாம்ப் தளர்வு, இல்லையென்றால் சத்தத்துக்காக மாற்றிய சைலன்சரும் ஃபில்டரும். இரண்டையும் மாற்றிவிட்டு டியூனிங் செய்யாமல் கன்னியாகுமரி கிளம்புவது, அதுவும் மே மாதத்தில், வேண்டவே வேண்டாம்.

மலை ஏறும்போது கருகிய வாடை, ரேஸ் ஏறுகிறது, வண்டி ஏறவில்லை

கொல்லிமலைக்குக் காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவு. சாமானோடு இரண்டு பேர் ஏறினால் பாதி வழியில் இந்த வாடை வரும், எரிந்த பேப்பரும் எண்ணெயும் கலந்த மாதிரி. அது கிளட்ச் பிளேட். ஒவ்வொரு வளைவிலும் இரண்டாம் கியரிலேயே இருந்துகொண்டு அரைக் கிளட்சில் சமாளிப்பதால் வருவது. வளைவுக்கு முன்பே முதல் கியருக்கு வந்துவிட்டு, வளைவுக்குள் கிளட்ச் லீவரை முழுசாக விட்டுவிடுங்கள். வாடை வந்துவிட்டால் அகலமான இடம் பார்த்து இருபது நிமிடம் நிறுத்துங்கள். லீவரின் அடியில் 2, 3 மில்லிமீட்டர் லூஸ் இருக்கிறதா என்றும் பாருங்கள். துளிகூட லூஸ் இல்லை என்றால் நீங்கள் கையை எடுத்தாலும் கிளட்ச் முழுசாகப் பிடிக்காது. கேபிள் அட்ஜஸ்டரை ஒரு சுற்றுச் சுற்றினாலே பாதிப் பேருக்குச் சரியாகிவிடும்.

ஏற்றத்தில் பெரிய கியரில் இழுக்கும்போது உள்ளே கோலிக்குண்டு உருளுவது போலச் சத்தம் வந்தால் அது நாக்கிங், பெட்ரோல் உள்ளே தாறுமாறாக எரிகிறது என்று அர்த்தம். உடனே கியரைக் குறையுங்கள்.

இறக்கத்தில் இதற்கு நேர் எதிர், சூடு பிரேக்கில் ஏறும். தொப்பூர் இறக்கத்தில் நியூட்ரலில் விட்டுப் பிரேக்கை மட்டும் நம்பி இறங்காதீர்கள். எந்த கியரில் ஏற வேண்டியிருக்குமோ அதே கியரில் இறங்குங்கள்.

சூடானதும் நின்றுவிடுகிறது, பத்து நிமிடம் கழித்துத் தானாக ஸ்டார்ட் ஆகிறது

என் நண்பனின் பழைய கார்புரேட்டர் வண்டி பெரம்பலூர் தாண்டியதும் இப்படி மூன்று தடவை நின்றது. ஒவ்வொரு தடவையும் முதலில் ஒரு விக்கல், பிறகு இழுவை குறைந்து, பெட்ரோல் தீர்ந்த வண்டி மாதிரி மெல்ல அடங்கும். டேங்க்கில் பாதிக்கு மேல் பெட்ரோல். பிளக் மாற்றினோம், மறுபடி எட்டு கிலோமீட்டரில் நின்றது. பாடாலூரில் ஒரு பஞ்சர் கடையில் இருந்த பெரியவர் எதையும் கழற்றவில்லை, "தம்பி, நின்ன உடனே டேங்க் மூடியத் தொறந்து பாத்தீங்களா?" என்று மட்டும் கேட்டார். அடுத்த தடவை நின்றதும் திறந்தோம். "புஸ்ஸ்" என்று காற்றை உள்ளே இழுத்தது, கிக்கர் ஒரே உதையில் வண்டி எழுந்தது. மூடியில் ஊசி முனை அளவு காற்றுத் துளை ஒன்று உண்டு. அதில் தூசியும் துருவும் அடைத்து, பெட்ரோல் இறங்க இறங்க டேங்க்குக்குள் வெற்றிடம் உண்டாகி, கார்புரேட்டருக்கு ஒரு சொட்டும் வராமல் தடுத்திருக்கிறது. நிறுத்தி வைத்த பத்து நிமிடத்தில் காற்று கொஞ்சம் கொஞ்சமாகக் கசிந்து உள்ளே போனதைத்தான் "ஆறிய பிறகு ஸ்டார்ட் ஆகிறது" என்று நாங்கள் நினைத்திருக்கிறோம். சூட்டுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. சைக்கிள் ஸ்போக் நுனியால் பெரியவர் அந்தத் துளையைக் குத்திவிட்டார், காசு வாங்கவில்லை. டேங்க் பேக்கும் அதன் மழை உறையும் மூடியை இறுக்கிப் பொத்தினாலும் இதே மாதிரி நடக்கலாம்.

மூடியைத் திறந்தும் எழவில்லை, ஆறினால் மட்டும் எழுகிறது என்றால் சந்தேகம் கரன்ட் பக்கம் போக வேண்டும். நின்ற நிமிடமே பிளக்கைக் கழற்றி கேப்பில் மாட்டி, அதன் உடலை இன்ஜின் மேல் ஒட்ட வைத்துப் பொறி வருகிறதா பாருங்கள். பக்கத்தில் பெட்ரோல் சிந்தியிருக்கக் கூடாது, கையில் துணி சுற்றிக்கொள்ளுங்கள். சூட்டில் பொறி இல்லை, ஆறினால் நீலப் பொறி என்றால் பொறிக்கு கரன்ட் கொடுக்கும் காயிலோ, எப்போது பொறி விட வேண்டும் என்று சொல்லும் பல்ஸ் காயிலோ சாகப்போகிறது. ஆறிய பிறகு மெக்கானிக்கிடம் போய் நின்றால் "நல்லாத்தானே இருக்கு" என்றுதான் சொல்வார், அதனால் நீங்கள் பார்த்ததை அப்படியே சொல்லுங்கள்.

வலது கால் பொசுங்குகிறது

சைலன்சர் வலப்பக்கம் இருக்கும் வண்டிகளில் இது இயல்பு. கணுக்கால் மறைக்கும் ஷூ, ஜீன்ஸ் அல்லது தடித்த காட்டன் பேன்ட். நைலான் டிராக் பேன்ட் வேண்டாம், சைலன்சரில் பட்டால் உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும். சுட்டுவிட்டால் ஓடும் குளிர்ந்த நீரில் 20 நிமிடம் காட்டுங்கள். பேஸ்ட், இங்க், இட்லி மாவு எதுவும் வேண்டாம்.

கை மரத்துப்போகிறது, இடுப்பு பிடித்துக்கொள்கிறது, உட்கார முடியவில்லை

கை மரத்தால் முதலில் பிடியைத் தளர்த்துங்கள். ஹேண்டில்பாரைத் தொங்கிக்கொண்டு போவது போல இறுக்கிப் பிடிப்பவர்களுக்குத்தான் இது அதிகம். உடம்பைக் கையால் தாங்காமல் முட்டியால் டேங்க்கை அணைத்துக்கொண்டு, வயிற்றுத் தசையால் தாங்குங்கள். கை நீட்டினால் முழங்கையிலிருந்து விரல்வரை ஒரே கோடாக இருக்கும்படி லீவரைக் கீழே இறக்குங்கள், பத்து நிமிட ஸ்பேனர் வேலை. முன்பு இல்லாத அதிர்வு புதிதாக வந்திருந்தால் இன்ஜின் மவுன்ட் போல்ட்டையும் ஹேண்டில் முனையில் இருக்கும் வெயிட்டையும் பாருங்கள்.

இடுப்பும் தோளும் வலித்தால் முதுகில் பை மாட்டியிருக்கிறீர்களா? கழற்றி பின் சீட்டில் கட்டுங்கள். பலருக்கு அன்றைக்கே சரியாகிவிடும், அதோடு முதுகுக்குக் காற்றும் போகும். உட்காரும் இடத்துக்கு என்னுடைய அனுபவத்தில் ஜெல் சீட்டைவிடச் சைக்கிள் ஓட்டுபவர்கள் போடும் பஞ்சு வைத்த ஷார்ட்ஸ் நல்லது. ஜெல்லை ஒரு மணி நேரம் வெயிலில் விட்டால் தோசைக்கல் மாதிரி சூட்டைப் பிடித்து வைத்துக்கொள்ளும். அரை மணிக்கொரு முறை ரோடு காலியாக இருக்கும்போது ஃபுட்ரெஸ்ட்டில் சில நொடி எழுந்து நின்றால் ரத்தம் ஓடும்.

தலைவலி, வாய் உலர்வது, எரிச்சல், கண் செருகுவது

கிளம்பி அரை மணிக்குள் தலை வலித்து, ஹெல்மெட்டைக் கழற்றினால் நெற்றியில் சிவப்புத் தழும்பு தெரிந்தால் ஹெல்மெட் உங்கள் தலைக்குச் சேரவில்லை. பதினோரு மணிக்கு மேல் மெல்ல ஏறும் தலைவலி தண்ணீர் இல்லாததால் வருவது. மூன்று நான்கு மணி நேரமாகச் சிறுநீர் வரவில்லை, வந்தாலும் அடர் மஞ்சள் என்றால் சந்தேகமே வேண்டாம்.

இங்கே ஒரு விஷயத்தைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். நம் தோலின் சூடு ஏறக்குறைய 35 டிகிரி. காற்று அதற்குக் கீழே இருக்கும்வரை சட்டையைத் திறந்துவிட்டால் உடம்பு ஆறும். கரூர் பரமத்தி பக்கம் மதியம் 40-ஐத் தாண்டும்போது அதே காற்று உங்களைச் சூடாக்குகிறது. அப்போது உங்களை ஆற்றுவது வியர்வை ஆவியாவது மட்டும்தான், வேகக் காற்றில் அது நொடியில் காய்ந்துவிடுவதால் வியர்க்கவே இல்லை என்று தோன்றும். உள்ளே ஒரு மணிக்கு ஒரு லிட்டர்கூடப் போய்க்கொண்டிருக்கலாம். அதனால் டி-ஷர்ட்டோடு ஓட்டாதீர்கள். உள்ளே காட்டன் பனியனை நனைத்துப் பிழிந்து போட்டுக்கொண்டு, மேலே ஜாக்கெட்டை மாட்டி ஜிப்பைப் பாதிக்கு மேல் மூடுங்கள். கழுத்தில் நனைத்த துண்டு. காய்ந்ததும் அடுத்த பங்க்கில் மறுபடி நனையுங்கள். வலை ஜாக்கெட்டாக இருந்தால் இன்னும் சீக்கிரம் காயும், அதற்கேற்ப நனைக்க வேண்டியிருக்கும்.

குடிப்பது தாகம் எடுத்த பிறகு இல்லை. முக்கால் மணிக்கொரு முறை நிறுத்தி அரை லிட்டர், கொஞ்சம் கொஞ்சமாக. வெறும் தண்ணீரையே நாள் முழுக்கக் குடித்தால் உப்பு குறைந்து கெண்டைக்கால் பிடித்துக்கொள்ளும். உப்புப் போட்ட மோர், இளநீர், இல்லையென்றால் ஓஆர்எஸ் பாக்கெட். அதுவும் இல்லாவிட்டால் ஒரு லிட்டர் தண்ணீரில் ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு, இரண்டும் தலைதட்டி. திண்டிவனம் ரோட்டோர நுங்கைக் கண்டால் விடாதீர்கள்.

மதியம் பிரியாணிக்குப் பிறகு கண் செருகினால் டீ குடித்துவிட்டு ஓட்டலாம் என்று நினைக்காதீர்கள், புளியமரத்தடியில் இருபது நிமிடம் படுங்கள். நான் கத்திரியில் விடியற்காலை நாலரைக்குக் கிளம்பி பதினொன்றுக்குள் நிறுத்திவிடுவேன், மறுபடி நாலு மணிக்குத்தான் சாவி போடுவேன்.

கூட வருபவர் பேச்சு குழறுகிறது, தடுமாறுகிறார்

தலைசுற்றலும் குமட்டலும், தோல் ஈரமாக, ஆனால் கேட்டதற்குத் தெளிவாகப் பதில் சொல்கிறார் என்றால் நிழல், ஜாக்கெட்டைக் கழற்றுவது, காலை உயர்த்திப் படுக்க வைப்பது, மோர் அல்லது ஓஆர்எஸ். அன்றைக்கு அவர் மேற்கொண்டு ஓட்டக் கூடாது, எவ்வளவு வற்புறுத்தினாலும் சாவியைக் கொடுக்காதீர்கள்.

பேச்சு குழறி, எங்கே இருக்கிறோம் என்பதே தெரியாமல், உடம்பு நெருப்பாகக் கொதித்தால் அது ஹீட் ஸ்ட்ரோக், உயிர் போகும் விஷயம். வியர்வை இருக்கிறதா இல்லையா என்று ஆராய்ந்துகொண்டிருக்காதீர்கள். 108-ஐ அழைத்துவிட்டு, வருவதற்குள் ஹெல்மெட், ஜாக்கெட், ஷூ எல்லாவற்றையும் கழற்றி, உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றி, துணியால் விசிறிக்கொண்டே இருங்கள். பெட்டிக்கடையில் ஐஸ் இருந்தால் கழுத்து, அக்குள், தொடை இடுக்கு. நினைவு தெளியாதவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், புரை ஏறிவிடும். போனில் இடம் கேட்பார்கள். ரோட்டோரக் கிலோமீட்டர் கல்லில் இருக்கும் எண்ணையும், எந்த ஊரை நோக்கிப் போகும் பக்கத்தில் நிற்கிறீர்கள் என்பதையும் சொல்லுங்கள்.